அந்தப் போரில் நமக்கு என்ன வேலை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுப் பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று அவன் அம்மா புலம்பவே, தேடிக்கொண்டு போனேன். எங்கே இருப்பான் என்று தெரியாதா என்ன? ரயில் நிலையத்துக்குப் பின்புறம் மாடிப்படி ஏறினால் 'கேமிங் பார்லர்'. மணிக்கு அறுபது ரூபாய். கண்ணாடிக் கதவு, இருட்டு, குளிர்சாதனம், பத்துப் பன்னிரண்டு திரைகள். அப்பன் சென்ட்ரிங் வேலைக்குப் போய்க் கொண்டுவரும் கூலியில் ஒரு பங்கு அந்த இருட்டுக்குள் போகிறது.

பையன் காதில் மாட்டியதைக் கழற்றாமலே பேசினான்.

"இது என்ன எடம்டா?"

"ஃபாவோ கோட்டை தாத்தா. கடற்கரையிலேர்ந்து ஏறி நாம புடிக்கணும். உள்ள இருக்கிறவன் துருக்கிக்காரன்."

"நாமன்னா யாரு?"

"இங்கிலீஷ்காரன் சைடு."

சொல்லிவிட்டுக் குண்டு மழைக்குள் ஓடினான். அவனை வீட்டுக்கு இழுத்து வந்து சோறு போட வைத்தாயிற்று. ஆனால் அந்த 'நாம' என்ற சொல் மட்டும் மீன்முள்ளாய் என் தொண்டையில் நின்றுவிட்டது. அதை எடுத்துப் போடத்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டின் பெயர் பேட்டில்ஃபீல்டு ஒன்று. ஸ்வீடன் நாட்டு டைஸ் நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 2016 அக்டோபரில் உலகச் சந்தையில் இறக்கியது. முதல் உலகப் போர்தான் கதை. பக்கத்துக்கு முப்பத்திரண்டு பேராக அறுபத்து நான்கு பேர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே களத்தில் இறங்கலாம். விமானம் விழுகிறது, சுவர் இடிகிறது, குதிரை கனைக்கிறது, புழுதி கண்ணை மறைக்கிறது. தோற்கும் பக்கத்தைத் தூக்கிவிட ராட்சதப் போர்க்கப்பலும் வானக்கப்பலும் கவச ரயிலும் வருகின்றன. 'நீ ஒரு மாபெரும் போரின் பகுதி' என்ற நினைப்பை மணிக் கணக்கில் விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சரக்கு. வேலைப்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. ஐந்து நிமிடம் பார்த்த எனக்கே கை வியர்த்தது. எம்.ஜி.ஆர். கத்தி சுழற்றியபோது நாற்காலி மேலேறி விசிலடித்த தலைமுறைதானே நாம்! பிள்ளைகளைப் பார்த்து மூக்கைச் சுளிக்க நமக்கு யோக்கியதை கிடையாது.

அதனால் விளையாட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றே. அந்த மாபெரும் போரில் நம்முடைய பகுதி எது?

ஃபாவோவையே எடுத்துக்கொள்வோம். பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில், இன்றைய ஈராக்கின் தென்கோடியில் இருக்கும் ஊர். 1914 நவம்பர் 6ஆம் நாள் அங்கே ஒரு படை இறங்கியது. அந்தப் படை லண்டனிலிருந்து வரவில்லை தோழர்களே. அக்டோபர் 16ஆம் நாள் நம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய படை அது! பூனா டிவிஷனின் ஒரு பிரிகேடு. அதில் நான்கு பட்டாளங்கள்; ஒன்று வெள்ளையருடையது, மற்ற மூன்றும் இந்தியப் பட்டாளங்கள். நாமும் நம் அப்பன்மாரும் மூட்டை தூக்கிய அதே துறைமுகம். அந்தப் பையன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து அரைமணி ரயில் தூரம். அவனுக்குத் திரையில் ஃபாவோ தெரிகிறது, பம்பாய் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. உண்மையான ஃபாவோ சண்டை மாபெரும் போரே அன்று. ஒடின் என்ற சிறு போர்க்கப்பல் சிறிது நேரம் சுட்டதில் துருக்கியப் பீரங்கிகள் ஓய்ந்தன. சில நூறு பேர் கரையிறங்கினார்கள், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் ஊதிப் பெரிதாக்கிய அந்தச் சண்டை சிறியது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் நடந்ததுதான் பெரியது. அதைத்தான் விளையாட முடியாது.

எதற்காக அங்கே போனார்கள்? காரணங்கள் பல சொன்னார்கள். அபாதானில் ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது, அதைக் காக்க வேண்டியிருந்தது என்பது அவற்றில் முதல் வரிசையில் நிற்பது. விளையாட்டுக்காரர்கள் இதை மறைக்கவில்லை; இந்தக் களத்தைச் சேர்த்த பகுதிக்கே 'பேரரசுகளின் எண்ணெய்' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டபோது பற்றி எரிந்ததும் எண்ணெய்தான், பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். கெட்டிக்காரனை 'அவன் எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். சொல் மிஞ்சியது, எண்ணெய் மறந்துபோனது.

மெசபடோமியா என்று அன்று அழைக்கப்பட்ட அந்த நாட்டுக்குப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஆறு லட்சம் இந்தியர்கள் அனுப்பப்பட்டார்கள். ஆறு லட்சம்! அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் துப்பாக்கி பிடித்துப் போரிடப் போனவர்களே அல்லர். கோவேறு கழுதை ஓட்டியவர்கள், டோலி தூக்கியவர்கள், தோல்பையில் தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், மலம் அள்ளியவர்கள், படகிலிருந்து மூட்டை இறக்கியவர்கள், தண்டவாளம் போட்டவர்கள். பட்டாளத்துக் கணக்கில் இவர்களுக்கு 'ஃபாலோயர்' என்று பெயர். இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் ஃபாலோயர் எண்ணிக்கை ஏறினால் குதிக்கிறார்கள். அன்று அந்தச் சொல்லுக்கு எடுபிடி என்று பொருள். ஆள் போதாதபோது 1916 முதல் சிறைச்சாலைகளிலிருந்தும் கைதிகளைத் திரட்டி, தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிக் கப்பலேற்றினார்கள். இந்தக் கூலிகளின் வரலாற்றை ராதிகா சிங்கா என்ற வரலாற்றாசிரியர் 2020இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். போர் முழுவதிலும் இந்தியப் படையில் இப்படிச் சுமந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்பது அவர் காட்டும் கணக்கு.

நம் தமிழ்ச் சீமையின் கதை இதிலே இன்னும் கசப்பு. 'மதராசி போர்க்குணம் இல்லாதவன்' என்று முத்திரை குத்தி, ராபர்ட்ஸ் துரை போன்றவர்கள் அதற்கு முன்பே சென்னைப் பட்டாளங்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். சுடத் தகுதியில்லாதவன், தோண்டத் தகுதியுள்ளவன்! பாலம் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் போன மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர்கள் இருந்தார்கள். 'தம்பி' என்றுதான் இன்றும் அந்தப் படையாளுக்குப் பட்டாளத்தில் செல்லப் பெயர். மெசபடோமியாவிலும் அவர்கள் வேலை செய்தார்கள்.

இப்போது திரைக்குத் திரும்புங்கள். காலாள் வேடம் போட நான்கு வகை இருக்கிறது: பாய்ந்து தாக்குபவன், வைத்தியன், துணைப்படையாள், தொலைவிலிருந்து சுடுபவன். டாங்கி ஓட்டலாம், விமானம் ஓட்டலாம், குதிரை ஏறலாம். கழுதை ஓட்ட முடியாது! துணைப்படையாள் என்ன செய்கிறான்? பொத்தானை அழுத்தினால் தரையில் ஒரு குண்டுப் பெட்டியை வீசுகிறான். எங்கிருந்து வந்தது அந்தப் பெட்டி? பாஸ்ராவில் கப்பலிலிருந்து இறக்கியவன் யார், டைகிரிஸ் ஆற்றில் படகிலேற்றி, சேற்றில் கழுதை முதுகில் கட்டி, வெயிலில் இழுத்து வந்தவன் யார்? திரையில் பெட்டி மட்டும் இருக்கிறது, கை இல்லை. சுமப்பவன் மறைந்தால்தான் சுடுபவன் வீரனாகத் தெரிவான் போலிருக்கிறது.

வைத்தியனைப் பாருங்கள். செத்து விழுந்தவன் பக்கத்தில் ஓடிப்போய் ஊசியைக் குத்துகிறான். விழுந்தவன் எழுந்து மறுபடி ஓடுகிறான். இரண்டு விநாடி வேலை. 1915 நவம்பரில் டெசிஃபான் சண்டையில் அடிபட்டவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? எலும்பு முறிந்தவர்களை மரச்சக்கர வண்டிகளில் அள்ளிப் போட்டு ஆற்றங்கரைக்கு இழுத்தார்கள். அங்கிருந்து மெஜிதியே என்ற நீராவிப் படகில் அடைத்து நாட்கணக்கில் பாஸ்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் நின்ற மருத்துவ அதிகாரி மேஜர் கார்ட்டர், படகின் பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதாக நினைத்தார். கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, அது மலம். எழுந்து போக முடியாத காயக்காரர்கள் கிடந்த இடத்திலேயே கழித்தது விளிம்பு வழியே வழிந்து காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இதை அவர் எழுதி வைத்தார். எழுதியதற்காக மேலதிகாரிகள் அவரை மிரட்டினார்கள். 1917இல் வெளியான மெசபடோமியா விசாரணைக் குழுவின் அறிக்கையில் அவருடைய சாட்சியம் அச்சேறியது. இந்தியாவுக்கான மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலக நேர்ந்தது.

இந்தப் படகை எந்த விளையாட்டில் வைப்பான் கம்பெனிக்காரன்?

பார்லருக்குக் கொடுக்கக் காசில்லாத பிள்ளைகளுக்குக் கைபேசியிலேயே போர் உண்டு. பப்ஜி என்று வந்தது. நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசி ஒருவன் மிஞ்சும் வரை சுட்டுக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டே இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு அது திரும்பி வந்தது. அதில் ஜெயித்தால் திரையில் என்ன எழுதுவான் தெரியுமா? இன்று ராத்திரி உனக்குக் கோழி விருந்து என்று! எனக்கு அதைப் பார்த்ததும் கூட் நினைவு வந்தது. கூட் அல் அமாரா, டைகிரிஸ் வளைவில் ஒரு சிற்றூர். ஜெனரல் டவுன்ஷெண்டின் படை 1915 டிசம்பரில் அங்கே முற்றுகையில் சிக்கியது. ஏறத்தாழ ஐந்து மாதம். தானியம் சுருங்கச் சுருங்க வண்டிக் குதிரைகளைக் கொன்று தின்றார்கள். குதிரைக் கறி சாதிக்கும் மதத்துக்கும் ஆகாதென்று இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் வெகுநாள் தொடவில்லை. ஊர் திரும்பினால் பெண் கொடுப்பார்களா, பந்தியில் சேர்ப்பார்களா என்ற பயம்! ரத்தம் சுண்டி, ஈறு வீங்கி, நிற்க முடியாமல் விழுந்தார்கள்.

1916 ஏப்ரல் 29இல் டவுன்ஷெண்ட் சரணடைந்தார். ஏறத்தாழ 13,000 பேர் கைதானார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். சிப்பாய்களையும் கூலிகளையும் பாலைவனத்தின் வழியே நடத்திப் போய், உயிரோடு மிஞ்சியவர்களை ரயில் பாதை வேலையில் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜெனரல் எங்கே போனார்? இஸ்தான்புல்லுக்கு அருகே ஒரு தீவில் மாளிகை வாசம். நூறு பேர் தீவில் சாக ஒருவன் கோழி தின்பது கைபேசிக் கதை. பதின்மூன்றாயிரம் பேர் பாலைவனத்தில் நடக்க, ஒருவர் தீவில் விருந்துண்டது நடந்த கதை.

இனிப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பேட்டில்ஃபீல்டின் தொடக்கத்தில் ஓர் உருக்கமான ஏற்பாடு உண்டு. நீங்கள் ஆடும் வீரன் செத்தால், அவன் பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் திரையில் எழும். போர் எவ்வளவு துயரமானது என்று காட்டுகிறார்களாம். நல்ல எண்ணம்தான், பாராட்டுகிறேன். அந்தக் கற்பனை வீரனுக்குப் பெயர் கிடைத்தது. பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை தெரியாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் செதுக்கினார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயரைப் போட்டு, 'இத்தனை பேர்' என்று ஓர் எண்! நம் நாட்டுப் பல ஊர்களில் பதித்த கல்வெட்டுகளும் இதே பாணிதான்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். கம்பெனிக்காரனின் கற்பனைப் பிணத்துக்குப் பெயர், உண்மைப் பிணத்துக்கு எண்.

இது நான் கிளப்பும் வம்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்க, ஆசிய மக்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, நினைவே இன்றியோ விடப்பட்டிருக்கலாம் என்றது. பிரிட்டனின் பாதுகாப்பு மந்திரி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று அதற்கு.

'வெறும் விளையாட்டுதானே ஐயா, இதற்கு இத்தனை ஆவேசமா?' என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் விளையாட்டென்றால் அமெரிக்க ராணுவம் 2002இல் தன் சொந்தச் செலவில் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்று ஒன்றைத் தயாரித்து, இருபது ஆண்டுகள் இலவசமாக வழங்கியது எதற்கு? ஆள் சேர்க்கத்தான், அவர்களே அதை ஒளிக்கவில்லை.

'நம் நாட்டு விளையாட்டு வந்தால் சரியாகிவிடும்' என்பவர்களுக்கும் ஒரு சொல். வந்ததே! 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2021 குடியரசு நாளன்று அதே கல்வானைக் களமாக வைத்து 'ஃபாஜி' என்ற விளையாட்டு பெங்களூரிலிருந்து வெளியாயிற்று. அதே ஜூன் மாதம்தான் ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து லடாக் எல்லைச் சாலை வேலைக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ரயில் புறப்பட்டது. ஊரடங்கில் அடிபட்டு நடந்தே ஊர்போய்ச் சேர்ந்த நம்மைப் போன்ற பிழைப்புத் தேடிகள்தான் அவர்களும். பட்டாளம் போகும் பாதையைப் போடுகிறவர்கள். அந்தப் பாதை இல்லாமல் அங்கே போர் ஏது? சுதேசி விளையாட்டிலும் அவர்களுக்கு வேடம் கிடையாது.

தடை கேட்பவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2019இல் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடியதற்காகப் பையன்களைப் போலீஸ் கைது செய்தது. தடை என்று வந்தால் லத்தி எந்தப் பேட்டைப் பிள்ளையின் முதுகில் விழும் என்பது நமக்குத் தெரியும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. போர் என்றால் சுடுவது, ஜெயிப்பது என்று மட்டும் கற்ற பிள்ளைக்கு, போரில் தன் வர்க்கத்துக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று தெரியாமல் போகிறது. தெரியாதவனைத்தான் ஏஜெண்டு தேடி வருகிறான். 2023இலும் 2024இலும் நம் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வாலிபர்களை ரஷ்யாவுக்குக் கூட்டிப் போனார்களே, என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள்? காவலாளி வேலை, உதவியாளர் வேலை. போர்முனைக்கு அனுப்ப மாட்டோம், நல்ல சம்பளம் என்று யூடியூபில் விளம்பரம் செய்தார்கள். பிள்ளைகள் நம்பினார்கள். போனதும் கையில் ரஷ்ய மொழி ஒப்பந்தம், பிறகு சில நாள் பயிற்சி, பிறகு உக்ரைன் எல்லைப் பதுங்குகுழி. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்ததாகத் தெரிந்தவர்கள் 126 பேர், இறந்தவர்கள் 12, காணாமல் போனவர்கள் 16. உதவியாளர் என்ற சொல்லைக் கவனித்தீர்களா? நூறு ஆண்டுக்கு முன் அதற்கு ஃபாலோயர் என்று பெயர்.

2024இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்கு ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆளெடுத்தார்கள். வரிசையில் நின்றவர்களை நான் குறை கூறமாட்டேன். உள்ளூரில் கூலி இருந்திருந்தால் ஏன் நிற்கப் போகிறார்கள்?

பிள்ளைகளின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்காதீர்கள் தாய்மார்களே. பிடுங்கினால் பார்லருக்குப் போவான். பக்கத்தில் உட்காருங்கள். 'இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவன் யாருடா?' என்று கேளுங்கள். மஸ்ஜித் பந்தரில் மாலுமிகள் இல்லத்தில், முதல் உலகப் போரில் கடலிலே மாண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் தொழிலாளர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பையனை நான் அழைத்துப் போவதாக இருக்கிறேன். "அங்க என்ன தாத்தா இருக்கு?" என்றான். "உன் சைடு" என்றேன்.

வெளிநாட்டு வேலை என்று எவனாவது உங்கள் குடியிருப்புக்குள் வந்தால், அவன் பெயர் அரசின் இ-மைக்ரேட் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், பிள்ளை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொண்டுவாருங்கள்.